வெண்மடு ஏரிக்கரையில் இரண்டு அடுப்பு

வெண்மடு ஏரிக்கரையில் சமைப்பதற்கென்று ஒரே ஒரு கல்மேடை இருந்தது. அதன் வடக்கு ஓரத்தில் பட்டாபி தன் சின்ன கேஸ் அடுப்பை வைத்தார். தெற்கு ஓரத்தில் தேவசகாயம் தன்னுடையதை வைத்தார். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம்.

வனக்காவலர் பொன்னுரங்கம் இரண்டு அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பார்ட்டியா? பர்மிட்டுல ஒரே குரூப்புன்னு இருக்கே?"

"ஒரே குரூப்தாண்ணே" என்றாள் அனுப்பிரியா.

"இன்னும் இல்லை" என்றார் பட்டாபி.

கொடைக்கானலையும் தாண்டி, காப்புக்காட்டுக்குள் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஏறி வந்தால் ஏழாயிரம் அடி உயரத்தில் இந்த ஏரி. மூன்று பக்கம் சோலைக்காடு, ஒரு பக்கம் புல்வெளி. தண்ணீர் அசையாமல் கிடந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்த தேவசகாயத்துக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது, தண்ணி செத்துப் போன மாதிரி கெடக்கு" என்று மகள் அனுப்பிரியாவிடம் சொன்னார்.

இங்கே கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம் என்று கண்டுபிடித்தவன் பட்டாபியின் மகன் சிவபிரசாத். அவனும் அனுப்பிரியாவும் சென்னையில் ஒரே அலுவலகம். கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக இருவரும் வீட்டில் சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இரண்டு அப்பாக்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருக்கலாம். இரண்டு பேரும் சொன்னது "பார்க்கலாம்".

பார்ப்பதற்காகப் பட்டாபி ஒரே ஒரு தடவை கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அனுப்பிரியாவின் வீட்டுக்குப் போயிருந்தார். தபால் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சிதம்பரம் கீழவீதியில் வீடு. விதிமுறை என்று எதையாவது எழுதி ஒட்டியிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று படிக்கிற மனிதர். அன்று அனுப்பிரியாவின் அம்மா ராசம்மாள், காடாம்புலியூர் முந்திரியில் பர்பி செய்து தட்டில் வைத்தாள். பட்டாபி தட்டைத் தொடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. பேச்சு முடியாம பெண் வீட்டில் கை நனைக்கிறது எங்காத்துல வழக்கமில்லை. நனைச்சா சம்மதம்னு ஆயிடும்."

அந்த வழக்கம் தேவசகாயத்துக்கும் தெரிந்ததுதான். அவர்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க, வைத்த தட்டு வைத்தபடியே உள்ளே போனது அவருக்குப் பொறுக்கவில்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். 'தானே' புயலில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தி மாவட்டத்துக்கு வெளிச்சம் கொடுத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

"ரொம்ப நல்லது சார். அவுங்கவுங்களுக்கு ஒரு ரோஷம் இருக்குல்ல? நீங்க என் வூட்டுல கை நனைக்கிற வரைக்கும் உங்க வூட்டுப் பொருள் ஒரு பருக்கை என் வாயில படாது. எழுதி வச்சிக்குங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் தொலைபேசியில்தான். பட்டாபி எதையும் மாயவரத்தில் இருக்கும் மைத்துனரைக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டார். தேவசகாயத்துக்குத் திட்டக்குடியில் சின்னையன் என்று ஒரு மச்சான். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருவர் சொல்வதை மற்றவர் சரியாகக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் சிவபிரசாத், டவர் கிடைக்காத இடமாகத் தேடினான். "மலையை விட்டு இறங்கறச்சே முடிவைச் சொல்றேன்" என்று பட்டாபியிடம் வாக்கும் வாங்கிவிட்டான். அனுப்பிரியா அவனிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தாள். இங்கேயும் "பார்க்கலாம்" என்று வந்தால் அவள் இனிமேல் யாரையும் கேட்கப் போவதில்லை. பெங்களூர் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அம்மாக்கள் இரண்டு பேரும் வரவில்லை. "எனக்குக் குளிர் ஒத்துக்காது" என்று கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரே மாதிரி சொன்னார்கள். கிளம்பும்போது ராசம்மாள், துணியில் சுற்றிய ஒரு எவர்சில்வர் சம்படத்தை மகளிடம் கொடுத்தாள். "இது மாப்பிள அப்பாவுக்கு. கேட்டா குடு. கேக்கலன்னா தொறக்காத, அப்புடியே எடுத்தா."

அவர் எங்கே கேட்கப் போகிறார்?

பொன்னுரங்கம் போவதற்கு முன் விதிகளைச் சொன்னார். அதற்குள் பட்டாபி பலகையைப் படித்து முடித்திருந்தார். அதனால் காவலர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அடுத்தது என்ன என்று பட்டாபி முந்திக்கொண்டார்.

"விறகு எரிக்கக் கூடாது."

"ஏரியில் சோப்பு கூடாது" என்றார் பட்டாபி.

"ஆமா சார். முக்கியமா, திங்கிற பொருள் எதுவும் கூடாரத்துக்குள்ள..."

"வைக்கப்படாது. ஒரு பிஸ்கட் துணுக்குகூட. கேட்டுக்கோடா சிவா."

"பன்னி வந்துரும் சார். வாசம் புடிச்சா கூடாரத்தையே கிழிச்சிரும். அந்தி சாஞ்சதும் எல்லாத்தையும் இந்தப் பையில போட்டு மரத்துல தூக்கிக் கட்டிருங்க." காவலர் கனமான தார்ப்பாய்ப் பை ஒன்றைக் கொடுத்தார்.

"ஒரே பையா?" பட்டாபியின் குரல் மாறியது. "இவர் கருவாடு கொண்டு வந்திருப்பார் போலிருக்கே."

"கருவாடு இல்ல சார், நெத்திலி" என்றார் தேவசகாயம்.

"நெத்திலின்னா?"

"கருவாடுதான்."

சாயங்காலம் இரண்டு அடுப்பிலும் ஏரித் தண்ணீர் கொதித்தது. தண்ணீர் பொது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வடக்கே பட்டாபி ரவா உப்புமா கிளறினார். கூடவே வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்காய் கொத்சு. தெற்கே தேவசகாயம் கஞ்சி வைத்து நெத்திலி வறுத்தார். காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசியது.

"சார், உங்க அடுப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம்..."

"அடுப்ப நவுத்தலாம் சார். காத்த என்னா பண்றது?"

பிள்ளைகள் இருவரும் ஆளுக்கு ஒரு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிவபிரசாத்தின் கண் நெத்திலி மேலேயே இருந்தது. தேவசகாயம் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நீளமான ஜெபம். நடுவில் "பிடிவாதக்காரர்களின் இருதயத்தை இளக்கும்" என்று ஒரு வரி வந்தது. அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"சிவா" என்றார் பட்டாபி, "அவர் ஸ்வாமிகிட்ட பேசறாரா, என்கிட்ட பேசறாரா?"

இருட்டுவதற்குள் எல்லாச் சாப்பாட்டுப் பொருளும் பைக்குள் போயின. பட்டாபி தன் பங்கைத் துவைத்த வேட்டி ஒன்றில் சுற்றி முடிந்து, நெத்திலிக்கு எதிர்மூலையில் வைத்தார். அடுப்புகள், கரண்டி, கத்தி, பிஸ்கட், சர்க்கரை, ராசம்மாளின் சம்படம் எல்லாம் உள்ளே. கயிறு தேவசகாயம் கொண்டுவந்தது, தேவனாம்பட்டினத்துப் படகுக் கயிறு. கிளைமேல் வீசி, பையை உயரத்துக்கு இழுத்து, மறுமுனையை அடிமரத்தில் கட்டினார். சிவபிரசாத் உதவிக்கு வந்தபோது கையால் விலக்கினார்.

"தள்ளிக்க தம்பி. இது புயலுக்கே அவுறாத முடிச்சு. இழுக்க இழுக்க எறுகும்."

"அப்போ காலையில் எப்படி அவிழ்ப்பேள்?" என்றார் பட்டாபி.

"கட்டுனவனுக்கு அவுக்கத் தெரியாதா?"

ஆண்கள் மூவரும் ஒரு கூடாரத்தில், அனுப்பிரியா இன்னொன்றில். குளிர் எலும்பு வரைக்கும் போனது. இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தார்கள். விடியும்போது இருவருக்கும் நடுவில் சிவபிரசாத் இல்லை. நெரிசல் தாங்காமல் கால்மாட்டுக்குப் போயிருந்தான். இரண்டு குரங்குக் குல்லாய்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கண் திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் உருண்டு விலகினார்கள்.

தேவசகாயம் முதலில் வெளியே வந்தார். வழக்கம்போல எழுந்த கையோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை. மாத்திரை உணவில்லை என்பதால் கூடாரத்துக்குள்தான் இருந்தது. அது உள்ளே போன பிறகு முடிச்சை அவிழ்க்கப் போனார்.

கயிறு ராத்திரிப் பனியில் நனைந்து ஊறியிருந்தது. இத்தனை எடையும் விடிய விடிய அதில் தொங்கியிருக்கிறது. முடிச்சு கல்லாகியிருந்தது. தேவசகாயம் நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். விறைத்த விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

பட்டாபி ஏரியில் ஸ்நானம் செய்வதாக முதல்நாள் அறிவித்திருந்தார். துண்டோடு கரைக்குப் போய்க் கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் வைத்தார். பிறகு தலையில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சந்தியாவந்தனத்தை முடித்துவிட்டு வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். மரத்தடியில் நடப்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"என்ன சார், அவிழ்கிறதா?"

"அவுந்துகினே இருக்கு."

"கத்தியால் அறுத்துடலாமே?"

"கத்தி பைக்குள்ள இருக்கு."

"பையை இறக்கி எடுங்கோளேன்."

தேவசகாயம் திரும்பிப் பார்த்தார். சிவபிரசாத் மரம் ஏறுகிறேன் என்றான். "யாரும் தொடக் கூடாது. நான் போட்டது, நான் அவுப்பேன்" என்றார். ஏரிமேல் இருந்த பனி மெல்ல விலகி, எதிர்க்கரைப் புல்வெளியில் காட்டுமாடுகள் மேய்வது தெரிந்தது. அதைப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. நாலு பேர் வயிறும் அந்தப் பையில் தொங்கியது.

அனுப்பிரியாதான் முதலில் கவனித்தாள். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில் அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது.

"அப்பா, மாத்திர போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சி, போட்டாச்சி." கை நடுங்கியது. "இந்தக் கயிறு ரெண்டு ரெண்டா தெரியுது."

அவர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சுகர் இறங்குது. ஏதாவது இனிப்பு குடுக்கணும், சீக்கிரம்!" என்று அவள் கத்தினாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் மேலே காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. "மாமா, இருங்க, நான் காவலரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு சிவபிரசாத் மேட்டில் இருந்த காவலர் குடிசையை நோக்கி ஓடினான். மாமா என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை.

பட்டாபி நாற்காலியிலிருந்து எழுந்தார். குரங்குக் குல்லாயைக் கழற்றினார். அதன் மடிப்புக்குள் விரலை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். கற்கண்டு.

அனுப்பிரியா அவரைப் பார்த்தாள்.

"ராத்திரி தொண்டை கட்டிக்கும்னு..." என்றார் பட்டாபி. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விதியை மீறியவரின் முகம் அது. "பன்றிக்கு கற்கண்டு வாசனை தெரியாதுன்னு நினைச்சேன். அதை விடு, இந்தா, வாயில் போடு."

அவள் ஒரு கட்டியை எடுத்து அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். தேவசகாயம் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பா!"

மூடிய பல்லுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "இது யாரு வூட்டுது?"

"இப்ப அதா முக்கியம்?"

"மாப்பிள வூட்டுது. பேச்சு முடியல. நான் சொன்ன சொல்லு சொல்லுதான்."

"சார், விளையாடாதீங்கோ" என்றார் பட்டாபி. "இது சாப்பாடில்லை, மருந்து."

"கல்கண்டு... மருந்துன்னு... எந்த டாக்டரு எழுதுனான்?" நாக்கு குழறியது. வேர்வை கழுத்தில் இறங்கியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்த முடிச்சைப் போலத்தான் அவரும். இழுக்க இழுக்க இறுகினார்.

பட்டாபி சுற்றிலும் பார்த்தார். மாயவரம் மைத்துனரைக் கேட்க வழியில்லை. சட்டைப் பையிலிருந்த கைபேசியைப் பழக்கத்தில் எடுத்தும் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. கீழே ஒரு மனிதன் மரத்தில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் இரண்டு கையாலும் அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு பட்டாபியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதையும் கேட்கவில்லை.

"சம்மதம்!" என்று கத்தினார் பட்டாபி. ஏரிக்கு அந்தப் பக்கம் மலை அதைத் திருப்பிச் சொன்னது. காட்டுமாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. "சம்மதம் ஐயா, சம்மதம்! வாயைத் திறந்து தொலையும்!"

தேவசகாயம் வாயைத் திறந்தார்.

சிவபிரசாத் காவலரோடு ஓடி வந்து சேர்ந்தபோது தேவசகாயம் கற்கண்டை முக்கால்வாசி தீர்த்திருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. பொன்னுரங்கம் அரிவாளால் கயிற்றில் ஒரு போடு போட்டார். பை நேராகக் கீழே விழுந்தது. பட்டாபியின் கொத்சு டப்பா வெடித்தது. வேட்டி, உப்புமா ரவை, காபிப் பொடி, நெத்திலி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன.

காவலர் கற்கண்டுக் காகிதத்தைப் பார்த்தார். "கூடாரத்துக்குள்ள இதையா வச்சிருந்தீங்க? யாரு?"

"நான்தான்" என்றார் தேவசகாயம். "சுகர் பேஷண்ட்டு சார். மன்னிச்சிக்குங்க."

பட்டாபி அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

காவலர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அனுப்பிரியா அடுப்புகளைப் பழையபடி மேடையின் இரண்டு ஓரத்திலும் வைத்து, அப்பாவுக்கு பிஸ்கட்டும் பாலில்லாத காபியும் கொடுத்தாள். பிறகு தேவசகாயம் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒண்ணு சொல்லணும். அவசரத்துல நீங்க சொன்ன வார்த்தைய நான் புடிச்சிக்க மாட்டேன். உயிர் போவுதுன்னா யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. அது கணக்குல இல்ல. நீங்க மலைய வுட்டு எறங்கும்போது நெதானமா சொல்லுங்க."

அனுப்பிரியாவின் கை காபிக் குவளையில் அப்படியே நின்றது. சிவபிரசாத் கண்ணை மூடிக்கொண்டான். கையில் கிடைத்ததை இந்த மனிதர் திருப்பிக் கொடுக்கிறாரே!

"சரிதான்" என்றார் பட்டாபி மெதுவாக. "நிர்ப்பந்தத்தில் வாங்கின சம்மதம் செல்லாது. விதி அப்படித்தான்."

அவர் எழுந்தார். மண்ணில் கிடந்த தன் தட்டை எடுத்து ஏரித் தண்ணீரில் அலம்பினார். கல்மேடைக்கு வந்தார். வடக்கு ஓரத்தில் நிற்கவில்லை. தெற்கு ஓரத்துக்கு வந்து தேவசகாயத்தின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தட்டை முன்னால் வைத்தார்.

"பசிக்கிறது. என்ன இருக்கு போடும்மா. அந்தக் குட்டி மீன் மட்டும் வேண்டாம்."

துணியில் சுற்றிய சம்படம் நசுங்கியிருந்தது. ஆனால் மூடி திறந்துகொள்ளவில்லை. அனுப்பிரியா திறந்தாள். புளியோதரை. முந்திரி முழுசு முழுசாக இருந்தது. அவசரத்தில் முதல் கரண்டி பாதி கீழே போனது.

பட்டாபி ஒரு கவளம் சாப்பிட்டார். இன்னொன்று சாப்பிட்டார். மற்ற மூன்று பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"உப்பு ஒரு கல் குறைச்சல்" என்றார். "மத்தபடி, கை நனைச்சாச்சு. சம்பந்தி, நீங்களும் சாப்பிடுங்கோ. மறுபடி மயக்கம் போட்டு வைக்காதீங்கோ. கற்கண்டு தீர்ந்துபோச்சு."

தேவசகாயம் எழுந்து வடக்கு ஓரத்து அடுப்பைத் தூக்கி வந்து தன் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் காபி, ஒன்றில் கஞ்சி. சிவபிரசாத்துக்குக் கடைசியில் நெத்திலி கிடைத்தது. மண்ணையும் காபிப் பொடியையும் தட்டிவிட்டுச் சாப்பிட்டான்.

இரண்டாவது தடவை போட்டுக்கொள்ள மூடியை நகர்த்தியபோதுதான் பட்டாபி அதில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மூடியைத் திருப்பி தேவசகாயத்திடம் காட்டினார்.

"பட்டாபி – சாரதாம்பாள் மணிவிழா அன்பளிப்பு" என்று படித்தார் தேவசகாயம். "இது உங்க வூட்டுப் பாத்திரம் சார்."

"என் வீட்டுப் பாத்திரம்தான். உங்க வீட்டுக்கு எப்படி வந்தது? மணிவிழாவுக்கு உங்களை நான் அழைக்கலையே. அப்போ உங்களைத் தெரியவே தெரியாது."

"எனக்கு எப்புடித் தெரியும்? சமையக்கட்டுப் பக்கம் நான் போறதே இல்ல."

இரண்டு பேரும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் காட்டுமாட்டைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

ஜீப் மலை இறங்கி, ஒரு வளைவில் டவர் கிடைத்ததும் பட்டாபியின் கைபேசி துள்ளியது. மைத்துனரிடமிருந்து தவறிய அழைப்புகள். அவற்றை ஒதுக்கிவிட்டு மனைவியை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சாரதா, நம்ம மணிவிழா சம்படம் ஒண்ணு குறையறதே, எங்கே?"

சிதம்பரத்தில் சாரதாம்பாளுக்குப் பின்னால் வேறொரு பெண்குரல் ஏதோ கேட்டது. தேவசகாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ராசம்மாளின் குரல்.

"சாப்பிட்டுட்டேளா?" என்றாள் சாரதாம்பாள். "உப்பு சரியா இருந்துதா? ஒரு கல் கூடப் போடுங்கோன்னு நான் இவாத்து சமையல்கட்டுல பக்கத்திலேயே நின்னு சொன்னேன், ராசம்மாதான் கேக்கலை."